ரயிலடி புவஸ்ஸா

யாராவது நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டால் போதும். தள்ளுவண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, புவஸ்ஸா பக்கத்தில் வந்து நின்றுவிடுவான். "கழுத்து சுளுக்கிக்கும் தம்பி. இப்படிச் சுவர்ல சாஞ்சுக்கிட்டுப் பாரு. மேல இருக்கறது எங்கேயும் ஓடாது. ஓடறதெல்லாம் அந்தப் பக்கம் நிக்குது."

ஒரான் பட்டணத்து ரயிலடியைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் பள்ளிவாசல்: வெள்ளைச் சுவர், குவிமாடம், மினாரா. மினாராவின் நெற்றியில் மட்டும் கடிகாரம். கட்டினவன் பிரெஞ்சுக்காரன். புவஸ்ஸா அதைச் சொல்லமாட்டான். "இதுக்கு எங்க பாட்டன் கல்லு சுமந்தாரு" என்பான். அவன் பாட்டன் ஹமூ துறைமுகத்தில் மத்தி மீன் விற்றார் என்பது எங்கள் சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

முப்பத்திரண்டு வருடமாக அங்கே மூட்டை தூக்குகிறான். வலது தோள் இரண்டு விரல் தாழ்ந்தே போய்விட்டது. ஆளைவிட அவன் குரலுக்குத்தான் பேர். "பாலக்! பாலக்!" என்றால், விலகு, விலகு. அந்தச் சத்தத்துக்குப் போலீஸ்காரரும் ஒதுங்குவார். வீட்டில் காபி கொண்டுவரும்போதும் அதே பாலக்தான். அறை இருப்பதோ ஒன்று.

போன மாதம் அவன் ஒரே மகள் ஜுஹ்ராவைப் பார்க்க ரெலிஸானிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். முன்னே இரண்டு சம்பந்தம் 'மூட்டைக்காரன் மகளா?' என்று கேட்டதோடு நின்றுபோயிருந்தது. அதனால் இந்த முறை தூது போன கொழுந்தி, "எங்க மச்சான் ஸ்டேஷன்ல அதிகாரி" என்று ஏற்றிச் சொல்லிவிட்டாள். புவஸ்ஸா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு கோட்டு மட்டும் இரவல் வாங்கிக்கொண்டான்.

"இன்னிக்கு என்னை யாருக்கும் தெரியாது, புரியுதா?" என்று கூட மூட்டை தூக்கும் கூட்டாளி காதாவிடம் சொன்னான்.

"உன்னை எதுக்குத் தெரியணும்? அந்தக் கோட்டை எனக்கு நல்லாத் தெரியும். என் மச்சானோட கல்யாணக் கோட்டு."

மாப்பிள்ளையின் தாய் முக்தாரியா ஒரு ஈச்சங்கூடையோடு இறங்கினாள். உள்ளே மருதாணி, மெழுகுவத்தி, சர்க்கரைக் கட்டி, பட்டுத்துணி. மனசுக்குப் பிடித்தால் கூடை பெண்ணின் வீட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பும். புவஸ்ஸா அதைத் தொடவில்லை, அதிகாரி சுமக்கலாமா? கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கவாசல் வழியாக வெளியே கூட்டிப்போய், தெருவில் நிறுத்தி முகப்பைக் காட்டினான். பாட்டன் சுமந்த கல்லில் மூன்றாவது கல்லுக்கு வந்தபோதுதான், முக்தாரியாவின் அக்கா யமீனாவைக் காணோம் என்று தெரிந்தது. படியில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது.

யமீனா ரெலிஸானைத் தாண்டி வந்ததில்லை. மினாராவைப் பார்த்தாள், குவிமாடத்தைப் பார்த்தாள், லுஹர், மதியத் தொழுகை நேரமாயிற்று, உள்ளே போய்விட்டாள். இவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் நடுக்கூடத்தில் டிக்கெட் சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொழுகையில் நிற்கிறாள். தொழுகையில் நிற்பவளிடம் யார் போய்ப் பேசுவது? அந்த நேரம் பார்த்து அல்ஜியர்ஸ் வண்டிக்கு மணி அடித்தது. ஜனம் பாய்ந்தது. பின்னாலேயே, பெட்டிமேல் பெட்டி அடுக்கிய காதாவின் தள்ளுவண்டி. எதிரில் நிற்கும் ஆள் அவன் கண்ணுக்குத் தெரியாது. யமீனா நெற்றியைத் தரையில் வைத்தாள்.

"பாலக்! பாலக்!"

புவஸ்ஸாவின் குரலில் குவிமாடம் அதிர்ந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. புவஸ்ஸா குறுக்கே பாய்ந்து வண்டியைத் தோளில் வாங்கினான். இரவல் கோட்டின் தையல் கழுத்துவரை பிளந்தது. அவள் தொழுகையை முடித்துக் கடைசி ஸலாம் கொடுக்கும்வரை அவன் அசையவில்லை.

"நல்ல பள்ளிவாசல்தான். ஜனங்கதான் சலசலன்னு இருக்கு" என்று எழுந்தாள் யமீனா. "இமாம் எங்கே?"

"வண்டியைத் தாங்கிக்கிட்டு நிக்கறாரு, மாமி" என்றான் காதா.

முக்தாரியா சிரிக்கவில்லை. "எங்க ஊர் ஆட்டுச்சந்தையிலகூட இப்படி ஒரு தொண்டையை நான் கேட்டதில்ல. அதிகாரி வேலைக்கு இவ்வளவு தொண்டை வேணுமோ?"

புவஸ்ஸா கிழிந்த கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டான். "அதிகாரி இல்லம்மா. மூட்டை தூக்கறவன். முப்பத்திரண்டு வருஷமா இதே கூடத்துலதான். வீடும் ஒத்தை அறை. உங்க ஊர் வண்டி மூணரைக்கு இருக்கு. வேணும்னா நானே இடம் புடிச்சு ஏத்திவிடறேன்."

கூடை அவனுக்கும் முக்தாரியாவுக்கும் நடுவில் தரையில் இருந்தது. அவன் குனிந்து இரண்டு கைப்பிடியையும் சேர்த்துத் தூக்கினான். பிளாட்பாரமா, தெருவா என்று கேட்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தான். முக்தாரியா ஒரு கைப்பிடியை அவன் விரல்களிலிருந்து உருவித் தன் கையில் பிடித்துக்கொண்டு தெருவாசலைப் பார்த்து நடந்தாள். சுமையோடு மெதுவாக நடந்து பழக்கமில்லாத புவஸ்ஸா, கூடை சாயாதபடி, அவள் எட்டுக்குத் தன் எட்டைக் குறுக்கிக்கொண்டான்.