சீட்டிக்குப் பதில்

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளை ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிக் காரணம் தொழில், மீதிக் காரணம் நாக்கு. கீழ்த்தளத்து மூலை வீட்டில் சன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவதும் இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பதும் அவள் பிழைப்பு. கல்யாணம் ஒத்துவரவில்லை. "பிரிச்சாச்சு, மறுபடி தைக்கிறதா இல்ல" என்று தம்பியிடம் ஒரே வரியில் முடித்துவிட்டாள். வீட்டில் அவளுக்குத் துணை ஒரு பூனை.

வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்று உடம்பு முழுக்கத் திட்டுத்திட்டாக நிறம். பார்த்தால் சீட்டித்துணி மாதிரி இருக்கும் என்பதால் அதற்குச் சீட்டி என்று பெயர். ஆணா பெண்ணா என்று யாராவது கேட்டால், "மூணு நிறமும் சேர்ந்து வந்தா பொண்ணுதான். ஆண் பொறந்தா அது குதிரைக்கொம்பு" என்பாள் பெருமையாக.

எங்கே சூடு இருக்கிறதோ அங்கே போய்ச் சுருண்டுகொள்வது பூனைகளின் சுபாவம். சீட்டி இஸ்திரி போட்ட துணிமேல் படுக்கும். அதை விட்டால் மேல்வீட்டு மேனேஜரின் புதுக் கார் வந்து நின்றதும் அதன்மேல் ஏறிப் படுக்கும். அவர் மேனேஜராக இருந்தது ஒரு மரச்சாமான் கடைக்கு. நினைப்பென்னவோ குடியிருப்புக்கே மேனேஜர் என்று. காரில் பாதத் தடம் பார்த்துவிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

ஒருமுறை ஊசி அக்கா, பூனைக்குச் சோறு வைக்கும்படி மேனேஜரின் மனைவியிடம் சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது சீட்டி இல்லை. மேனேஜரின் மனைவி கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. மறுநாள் ஒரு ரவிக்கையைக் கொண்டு வந்தவள், அளவு கொடுக்கும்போதே உடைந்துவிட்டாள்.

"அக்கா, மனசு கேக்கல. அவருதான் சாக்குல போட்டு எடுத்துட்டுப் போய் ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டாரு. நான் எவ்வளவோ சொன்னேன்."

ஊசி அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடினாள். அக்கரையில் தெருத்தெருவாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இக்கரைப் பாலத்தடிக்குத் திரும்பினாள். அங்கே சைக்கிள் பழுது பார்ப்பவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"மூணு நிறத்துப் பூனையா? பாலத்தைத் தாண்டி வந்திருச்சும்மா. போற வர்ற ஆளுங்களையெல்லாம் பார்த்துக் கத்திக்கிட்டே வந்துச்சு. லாரி அடிச்சிருச்சு. நான்தான் ஓரமாப் புதைச்சேன்."

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அபூர்வம். அது மனிதர்களிடம் பேசுவதற்கென்றே அவை வைத்திருக்கும் குரல். ஊசி அக்காவுக்கு அது தெரியும். தெரிந்திருந்ததுதான் வினை. போகிறவர் வருகிறவர் முகத்திலெல்லாம் அது யாரைத் தேடியது என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே நின்றுவிட்டது.

விஷயம் கேட்டுத் தம்பி கொதித்தான். "அக்கா, அந்த ஆளு கார் கண்ணாடியை உடைச்சிடறேன்."

"கண்ணாடி கடையில கிடைக்கும்டா" என்றாள். "கடையில கிடைக்காதது அவர்கிட்ட என்ன இருக்குன்னு பார்க்கணும்."

இருந்தது. டைகர் என்று ஒரு நாய். "நாய்க்குப் புலிப் பேரு வைக்கிற ஆளு" என்று அவள் முன்பெல்லாம் சிரித்திருக்கிறாள். தவிட்டு நிறம், தொங்கு காது, கன்றுக்குட்டி உயரம். "என் ஒருத்தன் பேச்சைத்தான் கேட்கும்" என்பது மேனேஜரின் ஓயாத பல்லவி. அவர் வேலைக்குப் போனதும் அது கார் நிறுத்துமிடத்துத் தூணில் பகலெல்லாம் கட்டுண்டு கிடக்கும்.

முதலில் அவள் வாங்கி வந்தது சாக்லேட். மனிதருக்கு இனிப்பு, நாய்க்கு விஷம் என்று கேள்விப்பட்டிருந்தாள். உறையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தூணருகே போனாள். டைகர் எழுந்து, அவள் புடவையில் ஒட்டியிருந்த பூனை முடியை முகர்ந்து பார்த்துவிட்டு, வாலை ஆட்டியது. சாக்லேட்டைச் சாக்கடையில் வீசிவிட்டுக் கையைக் கழுவினாள். கோபம் மட்டும் கழுவிப் போகவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பகல்ல டைகரை நான் நடக்கக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று மேனேஜரின் மனைவியிடம் கேட்டாள். குற்ற உணர்ச்சியில் இருந்தவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. தலையாட்டிவிட்டாள், கணவரிடம் மூச்சு விடவில்லை.

மேனேஜர் கயிற்றைச் சுண்டி இழுத்துக்கொண்டு நடப்பவர். ஊசி அக்கா கயிற்றைத் தளர விட்டாள். நாய்க்கு நடை என்பது காலுக்கல்ல, மூக்குக்கு. இரண்டு நாசியும் தனித்தனியாக மோப்பம் பிடித்து, வாசனை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று கண்டுகொள்ளும். ஒரே கம்பத்தை டைகர் முகர்ந்து முடிக்கும்வரை அவள் வெயிலில் காத்து நின்றாள். இடி இடித்தால் அது நடுங்கிச் சாகும். "ஆம்பளை நாய்க்கு என்ன பயம்?" என்று மேனேஜர் அதட்டுவார். அவளோ பழைய போர்வையை வெட்டி, உடம்பை இறுக்கிப் பிடிக்கும்படி ஒரு சட்டை தைத்தாள். இறுக்கமாக அணைத்துப் பிடித்தாற்போல் இருந்தால் சில நாய்கள் அடங்கும். டைகர் அடங்கியது. அடுத்த மழைக்கு, மேனேஜரின் மனைவி கயிற்றை அவிழ்த்ததும் தானே அவள் வாசலுக்கு வந்து நின்றது.

அது மடியில் தலை வைக்கும்போதெல்லாம் அவள் மேல்வீட்டுச் சன்னலைப் பார்த்து, "இரு, வர்றேன்" என்பாள். நாயிடம் சொன்னதல்ல அது.

கடை முதலாளி குடும்பத்தோடு மேனேஜர் வீட்டுக்கு விருந்துக்கு வந்த அன்று, முற்றத்தில் நாற்காலிகள் போட்டு அக்கம்பக்கத்தாரும் கூடியிருந்தார்கள். ஊசி அக்கா கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"பாருங்க சார், அவிழ்த்து விட்டாலும் என்னைத் தாண்டிப் போகாது" என்று மேனேஜர் கயிற்றை அவிழ்த்துவிட்டு எதிர்மூலைக்குப் போய் நின்றார். "டைகர், வாடா!"

டைகர் அவரைப் பார்த்தது. காற்றை முகர்ந்தது. பிறகு நேராக ஊசி அக்காவிடம் போய் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

முதலாளியின் மகள் களுக்கென்று சிரித்தாள். மேனேஜர் மறுபடி கூப்பிட்டார், அதட்டினார், கடைசியில் இடுப்புப் பட்டையை உருவினார். டைகர் அவளுக்குப் பின்னால் ஒடுங்கி உறுமியது.

"நான் கூப்பிடவே இல்லையே சார்" என்றாள் ஊசி அக்கா, சாதுவாக.

"அப்ப நீயே வச்சுக்கம்மா இந்தத் தறுதலையை!"

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தாள். டைகர் கயிறு இல்லாமலே பின்னால் போயிற்று.

விருந்தாளிகள் போனதும் மேனேஜர் அவள் கதவைத் தட்டினார். குரலில் பழைய முறுக்கு இல்லை.

"ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். குட்டியில இருந்து பாட்டில்ல பால் கொடுத்து வளர்த்தேன்மா."

"நானும் வளர்த்தேன் சார். பாலத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்திருச்சு. என்னைக் கூப்பிட்டுக்கிட்டே வந்து லாரியில அடிபட்டுச் செத்துச்சு."

மேனேஜர் முகம் வெளுத்தது. "அது... அது வெறும் பூனைம்மா."

"இதுவும் வெறும் நாய்தான் சார்." கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அவர் நாய் பேச்சே எடுக்கவில்லை. டைகர் தன்னை அடியோடு மறந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லி வருந்தினாராம்.

அது உண்மையில்லை. தினமும் மாலையில் அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டதும் டைகரின் காது நிமிரும். எழுந்து போய்க் கதவிடுக்கில் மூக்கை வைத்து, அவர் படியேறி முடிக்கும்வரை வாலை மெல்ல ஆட்டியபடி நிற்கும். ஊசி அக்கா மிஷினை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்க அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் அதை அவரிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை.