வினிதாவின் சம்மட்டி

வினிதாவுக்குக் கை முந்தும். பேச்சு பின்னால்தான் வரும். மைசூரில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். ஒருநாள் தேவராஜ மொஹல்லா கடைத்தெரு நெரிசலில், அவளிடம் பழகிக்கொண்டிருந்த பெண் வண்டியை அணையவிட்டுத் திணறினாள். பின்னாலிருந்த ஆட்டோக்காரன் இறங்கி வந்து கண்ணாடியில் ஓங்கிக் குத்தி, அந்தப் பெண்ணின் அம்மாவை இழுத்து ஒரு வசவு சொன்னான். வினிதா கதவைத் திறந்த வேகத்தில் அது அவன் முழங்காலில் மோதியது. குனிந்தவனின் காலரைப் பிடித்துத் தூக்கி, “இன்னொருக்காச் சொல்லுடா” என்றாள். அவன் நொண்டிக்கொண்டே ஆட்டோவுக்குத் திரும்பினான்.

ஹனூரில் கரும்பும் மஞ்சளும் போடும் குடும்பத்தில் பிறந்தவள். கணவன் உமேஷும் அந்தப் பக்கத்துக்காரன்தான். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இருவரும் சேர்ந்து ஒரு பழைய மாருதியை வாங்கி, உள்ளே இரும்புக் குழாய்களால் ரோல் கேஜ் என்கிற கூண்டு கட்டி, பந்தய வண்டியாக்கினார்கள். நஞ்சன்கூடு சாலையிலிருந்து விலகி ஒரு மண் திடல் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் அங்கே கூடி விடுமுறை நாட்களில் பந்தயம் ஓட்டுவார்கள். அந்தத் திடலில் வினிதா இடித்துத்தான் முந்துவாள். வளைவில் எவன் இடைஞ்சலாக நின்றாலும் அவன் கதவு நசுங்கும். பிறகு வந்து சண்டை போடுவான். அதற்கும் அவள் தயார்.

அந்த ஆண்டு இறுதிப் போட்டிக்கு முன்பு, கொள்ளேகால் பக்கம் வறண்டுபோன ஓர் ஏரிக்குள் பயிற்சிக்குப் போனார்கள். திருப்பத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழ, வண்டி பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டு உருண்டது. கண்ணாடி நொறுங்கி முகத்தில் தெறித்தது. அவளுடைய தலையின் இடது பக்கம் கூண்டுக் குழாயில் மோதியது. காதுக்குள் கோயில் மணி போல ஓர் ஓசை நின்று ஒலித்தது. உமேஷ் ஓடிவந்து பெல்ட்டை அறுத்து அவளை வெளியே இழுத்தான்.

“எனக்கு ஒண்ணும் ஆகலீங்க” என்று எழுந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது.

உமேஷ் அவளுடைய ஹெல்மெட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். வெளியே நகத்தால் கீறியது போல ஒரு கோடு. அவ்வளவுதான்.

“இதைத் தூக்கி வீசிப்போடு, வினி. உள்ள இருக்கற தெர்மோகோல் ஒருக்கா நசுங்குனா நசுங்குனதுதான். அடியை அது வாங்கிக்கிச்சு. இன்னொரு அடியை வாங்காது.”

“ஒரு கீறலுக்கா? புதுசு வந்து சேர்றதுக்குள்ள ஃபைனல் முடிஞ்சிரும்.”

“ஃபைனல் போனாப் போவட்டும்.”

“உங்களுக்குப் போவட்டும்” என்று பிடுங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கீறலின் மேல் தன் பந்தய எண்ணின் ஸ்டிக்கரை ஒட்டினாள். உமேஷ் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று பின்னாளில் அவனே சொன்னான்.

இறுதிப் போட்டியன்று வெயில் கொளுத்தியது. வண்டிகளையும் கவசங்களையும் சோதிக்கும் பொறுப்பு கெம்பையனுடையது. அவர் பாலிடெக்னிக் ஒன்றில் இயற்பியல் நடத்துபவர். ஒவ்வொரு ஹெல்மெட்டையும் வாங்கி உள்துணியை விலக்கி லேபிளைப் பார்ப்பார். கார்ப் பந்தயத்துக்கென்று சோதிக்கப்பட்டதா, எந்த ஆண்டின் தரம் என்று அதில் இருக்கும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் என்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். கார் ஹெல்மெட்டின் உள்துணி தீப்பிடிக்கக் கூடாது, அது இரும்புக் குழாயில் திரும்பத் திரும்ப மோதினாலும் தாங்க வேண்டும். பத்து ஆண்டு தாண்டிய தரம் என்றாலும் செல்லாது. கடைசியாக எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். தெர்மோகோலின் சேதம் வெளியே தெரியாது என்பதால் அந்தக் கேள்விக்கு வரும் பதிலை நம்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

“இது அடிபட்டதா?”

“இல்லீங்கண்ணா” என்றாள் வினிதா.

அவளுக்குப் பின்னால் நின்றவள் அக்ஷதா. ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து தங்கிவிட்ட கிருஷ்ணஸ்வாமியின் மகள், கணினி நிறுவனத்தில் வேலை. பெண்கள் பிரிவில் வினிதாவுக்குச் சரியாக நின்று ஓட்டக்கூடியவள் அவள் ஒருத்திதான். இருவரும் ஒருவர் வண்டியை ஒருவர் பலமுறை நசுக்கியிருக்கிறார்கள். பிறகு ஒரே கரும்புச்சாறு வண்டியில் நின்று சிரித்திருக்கிறார்கள். அன்று அவளுடைய ஹெல்மெட் தள்ளுபடியானது. அண்ணன் சுஹாஸ் பயன்படுத்திய பழையது, லேபிள் காலாவதியாகியிருந்தது.

வினிதா தன் ஹீட்டில், அதாவது தகுதிச் சுற்றில், ஜெயித்து இறங்கியபோது அக்ஷதா ஓடிவந்தாள்.

“அக்கா, அடுத்த ஹீட் என்னோடது. உன் ஹெல்மெட் கொடுக்கா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ் தானே?”

வினிதாவின் கை ஹெல்மெட்டின் மேல் நின்றது. உண்மையைச் சொன்னால் கெம்பையனுக்குத் தெரியும். தெரிந்தால் அவளுடைய வெற்றி போகும், இறுதிச் சுற்றும் போகும்.

“ஏன்க்கா, கொடுக்க மாட்டியா? விடு, பரவால்லே.”

“இந்தா கண்ணு” என்று நீட்டினாள்.

கொடியசைந்ததும் ஐந்து வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. திடலை இரண்டாவது தடவை சுற்றிவரும்போது நீள் வளைவில், பின்னால் வந்த வண்டி ஒன்று அக்ஷதாவின் பின் சக்கரத்தில் முட்டியது. அவள் வண்டி குறுக்கே திரும்பியது. மூன்றாவது வண்டி அதன் வயிற்றில் முழு வேகத்தில் இடித்தது. தகரம் கிழியும் ஓசை திடல் முழுக்கக் கேட்டது. வண்டி காற்றில் எழும்பிக் குப்புற விழுந்து, மறுபடி உருண்டு, டயர் அடுக்கிய தடுப்பில் பக்கவாட்டாக அறைந்து நின்றது. ஒரு சக்கரம் மட்டும் தனியாகக் கூட்டத்தை நோக்கி ஓடியது. ஜனம் அலறிச் சிதறியது.

முதலில் போய்ச் சேர்ந்தவள் வினிதா. பெட்ரோல் நெடி. வளைந்த கதவைப் பிடித்து இழுத்ததில் உள்ளங்கை பிளந்தது. உள்ளே அக்ஷதாவின் தலை கூண்டுக் குழாயின் மேல் சாய்ந்திருந்தது. ஹெல்மெட்டின் இடது பக்கம் தேங்காய் போல வெடித்திருந்தது. அந்த வெடிப்பிலிருந்து ரத்தம் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

“தனியாக் கழட்டாதே! கழுத்தைப் பிடி!” என்று கத்திக்கொண்டே கெம்பையன் வந்தார். ஒருவர் கழுத்தைத் தாங்க, ஒருவர் வாரை அறுக்க, மெல்ல ஹெல்மெட்டை உருவினார்கள். அக்ஷதாவின் கண்கள் திறந்திருந்தன. அவை யாரையும் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு கெம்பையன் ஹெல்மெட்டை மேசையில் வைத்து உட்புறத்தைப் பிரித்தார். நசுங்கிய தெர்மோகோலில் புது உடைப்பு வெள்ளையாக இருந்தது. அதன் நடுவே இன்னொரு பள்ளம். அதன் விரிசல்களில் வேர்வை அழுக்கு ஏறிப் பழுப்பாகியிருந்தது. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வினிதா சொல்லிவிட்டாள்.

“அது என்னோட அடி. பொய் சொன்னேனுங்கண்ணா.”

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவள் நேராகக் கிருஷ்ணஸ்வாமியின் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே சுஹாஸின் அறை கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. அவளுடைய கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாத்தி, “தெரிஞ்சே கொடுத்தியா? தெரிஞ்சேவா கொடுத்தே?” என்று ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பின்னந்தலையைச் சுவரில் மோதினான். வாழ்க்கையில் முதல்முறையாக வினிதாவின் கை எழவில்லை. உமேஷ்தான் பாய்ந்து அவன் விலாவில் குத்தினான். இருவரும் தரையில் புரண்டார்கள். நாற்காலி உடைந்தது. காவலாளிகள் பிரித்து நிறுத்தியபோது சுஹாஸின் சட்டை கிழிந்து தொங்கியது.

“போதும் விடுடா” என்றார் கிருஷ்ணஸ்வாமி. “உள்ளே ஒருத்தி படுத்துண்டிருக்கறது போதாதா?” பிறகு வினிதாவிடம், “நீ இங்கே வராதேம்மா” என்றார்.

அக்ஷதா பிழைத்தாள். மண்டையோடு விரிசல் விட்டிருந்தது; உள்ளே உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். இடது காது போயிற்று. எழுந்து நின்றால் தரை சாய்ந்தது. வெகுநாள் சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். நல்ல ஹெல்மெட்டாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வினிதா கெம்பையனிடம் கேட்டாள். “அத்தனை பலமான மோதல். எதுவும் சொல்ல முடியாது” என்றார். ஆறுதலாக அதைச் சொல்லவில்லை. அவளுக்கும் அது ஆறுதலாக இல்லை.

பந்தயம் நடத்தும் சங்கத்தில் சுஹாஸ் புகார் கொடுத்தான். விசாரித்த இடத்திலெல்லாம் வினிதா ஒரே பதிலைச் சொன்னாள். சங்கம் அவளை ஆயுளுக்கும் பந்தயத்திலிருந்து நீக்கியது. அவள் வீட்டுக்கு வந்து மாருதியின் மேல் சம்மட்டியை இறக்கினாள். முகப்பு, கதவுகள், கூரை எல்லாம். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். உமேஷ் தடுக்கவில்லை. கை வலித்து நிறுத்தியபோது கூண்டு மட்டும் வளையாமல் நின்றது.

சங்கத்தில் அதன் பிறகு ஒரு புது விதி வந்தது. மோதலில் அடிபட்ட ஹெல்மெட்டை அந்த இடத்திலேயே உடைத்துவிட வேண்டும். உரிமையாளரிடம் திருப்பித் தரக் கூடாது. விதி போட்டவர்களில் யாருக்கும் அதைச் செய்ய மனம் வரவில்லை. ஆசையாக வாங்கி, பெயர் எழுதி, வண்ணம் தீட்டி வைத்திருப்பார்கள். நண்பனுடையதை நண்பன் எப்படி உடைப்பான்? வினிதா கெம்பையனிடம் போய், “அந்த வேலையை எனக்குக் குடுங்கண்ணா” என்றாள். சங்கத்தில் சிலர் கத்தினார்கள். கடைசியில் சரி என்றார்கள், வேறு ஆள் இல்லாததால்.

முதல் பந்தயத்திலேயே மல்லப்பன் என்ற கிரானைட் வியாபாரியின் வண்டி மண் மேட்டில் முட்டிக் கவிழ்ந்தது. அவன் தலை கம்பியில் மோதியதை இரண்டு பேர் பார்த்தார்கள். ஹெல்மெட்டை வாங்கிவந்து கல்லின் மேல் வைத்தார்கள். மல்லப்பன் நொண்டியபடி ஓடிவந்தான்.

“தொடாதே! ஒரு கீறல்கூட இல்லே, கண்ணு தெரியலியா? ஒரு பொண்ணைச் சாகடிக்கப் பார்த்தவ நீ, எனக்குப் பாடம் சொல்றியா?”

ஹெல்மெட்டை எடுத்து அதனாலேயே அவள் நெற்றியில் அடித்தான். புருவம் பிளந்து கண்ணை ரத்தம் மூடியது. அவள் மண்டியிட்டு விழுந்தாள். அவனை நான்கு பேர் மடக்கிப் பிடிக்க, ஹெல்மெட் கீழே உருண்டது. வினிதா எழுந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை எடுத்துக் கல்லின் மேல் வைத்து, சம்மட்டியை ஓங்கினாள். முதல் அடியில் மேலோடு விரிசல் விட்டது. இரண்டாவதில் பிளந்தது. மூன்றாவதில் உள்ளிருந்து வெள்ளைத் தெர்மோகோல் தெறித்துச் சிதறியது.

“திட்டறதுன்னா திட்டிக்குங்க. நீங்க சொன்னதும் நெசந்தான்” என்றாள். மல்லப்பன் கெட்ட வார்த்தைகளைக் கொட்டிக்கொண்டே போனான். அடுத்த பந்தயத்துக்குப் புது ஹெல்மெட்டோடு வந்தான்; அவளைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுத்தான் வண்டி ஏறினான்.

மறு ஆண்டு மழைக்குப் பின் நடந்த பந்தயத்தின்போது, ஊன்றுகோலோடு அக்ஷதா திடலுக்கு வந்தாள். வினிதா சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய இடப்பக்கமாகப் போய் ஏதோ சொன்னாள்.

“அந்தப் பக்கம் பேசினா கேக்காது. இந்தப் பக்கம் வா” என்றாள் அக்ஷதா.

வினிதா சுற்றி வலப்பக்கம் வந்தாள். அவள் தொடங்குமுன் அக்ஷதாவே கேட்டாள்.

“எல்லாரும் சொன்னாங்க. நீ வாயால சொல்லு. கொடுக்கறப்போ உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும் கண்ணு. ஃபைனல்லருந்து எடுத்துருவாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

அக்ஷதா ஊன்றுகோலை இறுகப் பிடித்திருந்தாள். அதை அவள் ஓங்குவாள் என்று வினிதா நினைத்தாள். ஓங்கட்டும் என்றும் நினைத்தாள்.

“உன்னைப் பார்த்தா எனக்கு இன்னும் எரியுது” என்றாள் அக்ஷதா. “மன்னிக்கணும்னு அப்பா சொல்றார். எனக்கு வரலே.”

“வர வேண்டாம்.”

திடலில் தகரம் நசுங்கும் ஓசை எழுந்தது. புழுதிக்குள் ஒரு வண்டி மல்லாந்து கிடந்தது. அக்ஷதா வலது காதை அந்தத் திசைக்குத் திருப்பினாள்.

“போ, போ” என்றாள். வினிதா சம்மட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.