நடவு நாளில் ஒரு பெரிய ஹீரோ படம்

1. சேர்ந்த அன்று

திருப்பனந்தாள் பக்கத்தில் இரண்டு ஸ்கிரீன் உள்ள தியேட்டரில் உதவி மேனேஜராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவர் என் சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை.

“நம்ம ஊர்ல எந்த நடிகருக்குக் கட்டாயம் கூட்டம் வரும், தம்பி?”

கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் ரசிகர்களைக் கொண்ட ஒரு நடிகரின் பெயரைச் சொன்னேன்.

“அது வெள்ளிக்கிழமைக் கூட்டம். நான் கேட்டது திங்கக்கிழமைக் கூட்டம்.”

இந்தத் தொழிலில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. ஓப்பனிங் ரசிகர்கள் கொடுப்பது. வார நாள் மேட்டினியை நிரப்புவது பெண்கள். அவர்களை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுவரும் ஹீரோ எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர்தான்.

2. காலியான மேட்டினி

அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவருடைய படம் குறுவை நடவு சமயத்தில் வந்தது. என் பேச்சை நம்பி பாய் அதைப் பெரிய ஸ்கிரீனில் போட்டார். வெள்ளி முதல் ஞாயிறு வரை குறையில்லை. திங்கட்கிழமை இரண்டரை மணி மேட்டினியில் ஏசி சத்தம்தான் கேட்டது.

விநியோகஸ்தரின் பிரதிநிதி கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். “என்ன பாய், உங்க ஊர்ல எங்க ஹீரோவுக்கு மார்க்கெட் போயிடுச்சா?”

பாய் என்னைப் பார்த்தார். “புதன்கிழமையிலேருந்து இத சின்ன ஸ்கிரீனுக்கு மாத்திடு. அந்த டப்பிங் பேய்ப் படத்தப் பெருசுல போடு.”

சின்ன ஸ்கிரீனுக்குப் போன படம் திரும்பி வராது. படம் தேர்வு செய்வதில் என் வார்த்தையும் அதோடு போய்விடும்.

மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சேற்றுப் புண். அவளும் நடவுக்குத்தான் போகிறாள்.

“படம் வந்து நாலு நாளாச்சு, ஏம்மா வரல?” என்றேன்.

“எப்படா வர்றது? நட்டு முடிச்சுக் கரையேறவே ரெண்டு மணி ஆவுது. குளிச்சு, ரெண்டு வாய் தின்னுட்டு வந்தா வில்லன் செத்துக் கெடப்பான். எழவு கேக்கவா வர்றது?”

3. மூன்றரை மணி

மறுநாள் காலை பாயிடம் மேட்டினியை மூன்றரைக்குத் தள்ளலாம் என்றேன். அன்றும் வந்திருந்த பிரதிநிதிக்குப் பிடிக்கவில்லை. “ஆப்ல டைம் போட்டாச்சு தம்பி.”

“நடவு ஆளுங்க ஆப் பாத்து வர மாட்டாங்க சார். நடவுக்கு ஆள் சேத்துக் கூட்டிட்டுப் போற அக்காவுக்கு ஒரு போன் போட்டா போதும்.”

பாய் என் பக்கம் திரும்பினார். “இன்னைக்கு ஒரு ஷோ. வரலன்னா இனிமே நீ டிக்கெட் மட்டும் கிழி.”

மூன்றேகால் வரை வாசலில் யாருமில்லை. பிறகு ஒரு லோடு ஆட்டோ நிறைய நடவுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே இன்னொன்று. ஈரத் தலை, கால் விரல் இடுக்கில் போகாத சேறு. அம்மா என்னைத் தெரியாதவள் போல டிக்கெட்டை நீட்டினாள். பக்கத்திலிருந்தவள், “மேனேஜரு, ஏசிய நல்லா வையிங்க, முதுகு வெந்து கெடக்கு” என்றாள்.

படம் பெரிய ஸ்கிரீனிலேயே இருந்தது.

நேரம் மாற்றினால் எந்தப் படமும் ஓடிவிடும் என்று நானும் அப்போது நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு புது ஹீரோ படத்தை அதே மூன்றரைக்குப் போட்டோம். ஆட்டோ வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

“இவன பஸ்ஸ்டாண்டுல பாக்கலாமே. அதுக்கு எதுக்குக் காசு குடுத்து?”

ஆகவே இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, நட்சத்திரம் என்பது பொய்யில்லை. அலுப்போடு இருப்பவர்களுக்கும் போய்ப் பார்க்கலாம் என்ற ஆசையை உண்டாக்க அவரால்தான் முடியும். அவர்கள் வந்து சேர வழி வைப்பது தியேட்டர்காரன் வேலை.

இப்போதெல்லாம் பிரதிநிதி போன் செய்து பெரிய ஹீரோ பெயரைச் சொன்னதும் பாய் போனைப் பொத்திக்கொண்டு என்னைத்தான் கேட்கிறார்.

“தம்பி, உங்க அம்மா கரையேற இப்ப எத்தன மணி ஆவுது?”