அனுஷத்தின் நீலம்

போர் முடிந்து இரண்டு வருடமாகியிருந்த 2011ஆம் ஆண்டில் நான் புத்தளத்தில் ஒரு கண் கிளினிக்கில் தாதியாக இருந்தேன். கண் காட்ட வருகிறவர்களிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எது தெரியவில்லை? தையல்காரப் பெண்களுக்கு ஊசிக்காது தெரியாது. வயதானவர்களுக்கு பஸ்ஸின் நம்பர் தெரியாது. ஒரு மௌலவி, குர்ஆன் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாகச் சொன்னார். இவற்றையெல்லாம் கார்டில் ஒரு வரியில் எழுதிவிடலாம். மார்ச் மாதத்தில் கற்பிட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு மீனவர் சொன்னதை எப்படி எழுதுவதென்றுதான் எனக்கு விளங்கவில்லை.

"தேள் தலையில இருக்கிற வெள்ளி வெளிச்சம் கூடவா, கொடுக்கில இருக்கிற வெள்ளி கூடவா எண்டு பிடிபடுதில்ல, மிஸ்ஸி. முந்தி ஒரு பார்வையில சொல்லிப்போடுவன்."

அறுபது வயதிருக்கும். வெயிலில் கறுத்து உலர்ந்த மனிதர். பக்கத்தில் மனைவி, மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, எழுத்து எத்தினையாம் வரி மட்டும் தெரியுது? அதைச் சொல்லுங்கோ" என்றேன்.

வலது கண்ணால் இரண்டாவது வரியைத் தாண்ட முடியவில்லை. இடது கண் கொஞ்சம் பரவாயில்லை. இரண்டிலும் கண்புரை. டொக்டர் பார்த்துவிட்டு ஒப்பரேஷனுக்குப் பெயரைப் போடச் சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் அவருக்குக் கிடைத்தது ஒக்டோபர் மாதம். அதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஜூலைக்குள்ள ஏலாதா?"

"ஏன், ஜூலையில என்ன?"

சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். மடித்து வைத்தால் கிழிந்துவிடும் என்று லமினேட் செய்து வைத்திருந்தார். ஒரு நாளிதழின் விஞ்ஞானப் பக்கம். அன்று வரிசை நீளமாக இருந்ததால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கிறேன் என்று வாங்கி வைத்தேன். அவரும் போகாமல் வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தார்.

அவர் தேள் என்றது விருச்சிக ராசியை; அதன் தலைப்பக்கம் மூன்று வெள்ளிகள், அதாவது நட்சத்திரங்கள், வரிசையாக நிற்கும். அவற்றின் நடுவில் இருப்பதைப் பற்றித்தான் அந்தக் கட்டுரை. அந்த மூன்றும் சேர்ந்ததுதான் அனுஷம் என்று வாசித்தபோது நான் சாப்பாட்டுப் பார்சலைத் தள்ளி வைத்துவிட்டேன். என்னுடைய நட்சத்திரம் அனுஷம். சாதகக் குறிப்பில் எழுதி, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லி, முப்பத்தாறு வருடமாக அந்தப் பெயரோடு வாழ்ந்திருக்கிறேன். அது வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அது நீலம் கலந்த வெள்ளை நட்சத்திரமாம். சூரியனைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு சூடு. இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். அதையும் தாண்டிச் சூடேறுகிற பொருள்தான் நீலத்தில் ஒளிரும் என்று எழுதியிருந்தது. அதோடு அது பம்பரம்போலத் தன்னைத்தானே அதிவேகமாகச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் இடுப்புப் பக்கத்து வாயு வெளியே தெறித்து ஒரு வளையமாக நிற்கும். வளையம் தடித்தால் நட்சத்திரம் பிரகாசிக்கும், மெலிந்தால் மங்கும். அதனால் அதன் ஒளி ஒரு நிலையில் நிற்பதில்லை. அதைச் சுற்றி இன்னொரு நட்சத்திரமும் உண்டு. நீண்ட முட்டைபோன்ற பாதையில் எங்கோ தொலைவுக்குப் போய், பதினொரு வருடத்துக்கு ஒரு முறை மிகக் கிட்ட வரும். 2000இல் வந்தபோதுதான் பெரியது பிரகாசிக்கத் தொடங்கியது. இனி 2011 ஜூலையில் வரும்.

இவ்வளவையும் வாசித்த பிறகு வெளியே போய் அவரிடம் கேட்டேன்.

"இதில எழுதியிருக்கிறது விளங்கினதோ, ஐயா?"

"விளங்கினதா?" அவர் சிரித்தார். "மிஸ்ஸி, அவங்க எழுத முதல் நான் கண்டிட்டன்."

அவர் சொன்னது 2000ஆம் ஆண்டுச் சோழகக் காலத்துக் கதை, தென்மேற்குக் காற்று வீசும் நாட்கள். மேற்குக் கடல் கொந்தளித்ததால் எல்லோரையும்போல அவரும் களப்பில், கடலோர உப்புநீர் ஏரியில், வலை போட்டுக்கொண்டிருந்தார். இருட்டுப்படுகிற நேரம் தெற்கே தேள் முழுதாக எழும்பி நின்றது. இளந்தாரி வயதிலிருந்து பார்த்த தேள். தலையின் நடு வெள்ளி எப்போதும் கொடுக்கு வெள்ளியைவிட மங்கல். அன்று இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக நின்றன. படகில் கூட வந்தவர்களிடம் சொன்னார். கள்ளுக் கூடிவிட்டது என்றார்கள். கரைக்கு வந்து சொன்னார். "உலகமே அடிபட்டுச் சாகுது, இவர் வெள்ளி பார்க்கிறார்" என்று கேலி செய்தார்கள். அதன் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வருடா வருடம் பார்த்தார். ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும். பத்து வருடம் கழித்து இறைச்சி சுற்றி வந்த பேப்பரில் இந்தக் கட்டுரை இருந்ததாம்.

"வாசிச்சவுடன அழுதிட்டன் மிஸ்ஸி. எனக்கு விசரில்லை எண்டு ஒருத்தன் எழுதியிருக்கிறானே."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் பட்டியலில் ஒருவரைத் தள்ளி இன்னொருவரை ஏற்றுவதற்கு அது ஒரு காரணமாக எனக்குப் படவில்லை. அவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு கண் தெரியாமல் ஒரு தாய் இருந்தாள். அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "ஓம், அதுவும் நியாயம்தான்" என்று எழுந்துவிட்டார்.

அவர் வாசலைத் தாண்டிய பிறகு மனைவி மட்டும் திரும்பி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ள, இந்த மனுசன் வெள்ளிக் கதையைச் சொல்லிப்போட்டு மற்றதை மறைச்சிட்டார். போன மாசம் விடியப்புறம் களப்பில மீன்பட்டிக் கம்பில படகைக் கொண்டுபோய் மோதிட்டார். நெஞ்சில பாருங்க, இன்னும் கண்டல். வெளியில தெரிஞ்சா ஒருத்தரும் படகில ஏத்த மாட்டாங்க எண்டு வாயைத் திறக்கிறாரில்ல. எனக்கு வெள்ளி வேணாம் பிள்ள. ஆள் திரும்பி வந்தாப் போதும்."

இதை டொக்டரிடம் சொன்னேன். அவர் சிங்களவர், ஓரளவு தமிழ் பேசுவார். இரண்டையும் சொன்னேன், கம்பில் மோதியதையும் நட்சத்திரத்தையும். முதலாவதைக் கேட்டு ஆளைத் திரும்பக் கூப்பிட்டு நெஞ்சைத் தடவிப் பார்த்தார். கடலுக்குப் போகிறவர், இருட்டில் படகு ஓட்டுகிறவர், ஒக்டோபர் வரை விடக்கூடாது என்று சொல்லி ஜூனுக்கு மாற்றினார். இரண்டாவதைக் கேட்டு, எந்த நட்சத்திரம் என்று என்னிடமே விசாரித்தார்.

ஜூனில் குறித்த நாளில் வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இரத்தத்தில் சீனி மிகக் கூடுதலாக இருந்தது. பயத்தில் முதல் நாள் பனங்கட்டியோடு, பால் விடாத பிளேன்டீ ஆறேழு குடித்திருக்கிறார். மனைவி வார்ட்டிலேயே ஏசினார்.

"வெள்ளி பார்க்கோணுமா, பனங்கட்டி திங்கோணுமா? ஒண்டைச் சொல்லு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடுத்த கிழமை திரும்ப வந்தபோது சீனி அளவோடு இருந்தது. "ஏழு நாளும் பனங்கட்டி அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகி வச்சன்" என்றார் அந்த அம்மா.

வலது கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அடுத்த நாள் காலையில் கட்டை நான்தான் அவிழ்த்தேன். கண்ணைச் சுத்தம் செய்து, மெதுவாகத் திறக்கச் சொன்னேன். திறந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, உங்கட உடுப்பு வெள்ளையா?"

"வெள்ளைதான். பின்ன என்ன?"

"நான் இவ்வளவு நாளும் மஞ்சள் எண்டல்லோ நினைச்சன்."

கண்புரை மெல்ல மெல்லப் பழுத்து வருவது. அது பார்வையை மங்க வைப்பதோடு நிற்காது, எல்லாவற்றின்மேலும் ஒரு மஞ்சளைப் பூசும், நீலத்தைத் தின்றுவிடும். ஆனால் வருடக்கணக்கில் நடப்பதால் ஆளுக்குத் தெரியாது. புதிய லென்ஸ் வைத்ததும் பலர் வீட்டுக்குப் போய்ச் சேலையின் நிறத்தையும் சுவரின் நிறத்தையும் பார்த்துத் திகைப்பதைக் கேட்டிருக்கிறேன். அவருக்கும் இதை விளக்கினேன். அப்போது அவர் கேட்டது, "அப்ப அந்த வெள்ளி?" என்றுதான்.

ஜூலை நடுப்பகுதியில் மறுபடி காட்ட வந்தார். நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"என்ன நடந்தது? வெடிச்சதோ?"

"ஒண்டும் வெடிக்கல்ல. போன முறை மாதிரி ஒரு பாய்ச்சலும் இல்ல. அந்த மற்ற வெள்ளி வந்து போயிருக்கும், எங்கட கண்ணுக்குத் தெரியுமா? தலையும் கொடுக்கும் சமமா நிண்டது, அவ்வளவுதான்."

எனக்கு மனம் சுருங்கிவிட்டது. இதற்காகவா இவ்வளவு பாடு? ஆனால் அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. கிட்டக் குனிந்து, இரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

"மிஸ்ஸி, அது நீலம். துணி தோய்க்கிற நீலத்தை ஒரு துளி தண்ணியில விட்ட மாதிரி. பத்து வருசமா அதைப் பார்த்தன், ஒருக்காலும் அந்த நிறத்தைக் காணல்ல. இந்தக் கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால பார்த்தன். பிளேன்டீ மாதிரிக் கிடக்குது."

டொக்டர் இடது கண்ணுக்கு நாள் குறிக்கச் சொன்னார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏனென்று மனைவிதான் சொன்னார்: "இடது கண்ணும் புதுசாப் போனா, பழைய வெள்ளியை எதால பார்க்கிறதாம்? ஒவ்வொரு இரவும் ஒரு கண்ணை மாத்தி மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிக்கிறார். அக்கம்பக்கத்தில சிரிக்கிறாங்க." டொக்டர் வாய்விட்டுச் சிரித்து, அவசரமில்லை என்றார்.

ஓகஸ்டில், கடற்கரையிலுள்ள தலவில தேவாலயத்தில் திருவிழா. பத்துப் பேரில் ஒருவருக்காவது மயக்கம் வரும் அளவுக்குச் சனமும் வெயிலும். முதலுதவிக் கூடாரத்தில் எனக்குப் பொழுதுபடும் வரை வேலை. முடித்து வெளியே வந்தபோது அந்த அம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பிடித்த கையை விடவில்லை. கடை வெளிச்சங்களைத் தாண்டி மணலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கணவர் அங்கே நின்றிருந்தார். சோழகம் காதில் இரைந்தது.

"அந்தா" என்று கையை நீட்டினார். "சிவப்பா ஒண்டு தெரியுதா, அது தேளிட நெஞ்சு. அதுக்கு மேல, வலப்பக்கம் மூண்டு. நடு வெள்ளி."

நான் வானத்தை அண்ணாந்து பார்க்கப் பழகியவள் இல்லை. போர் நடந்த வன்னியில் இருந்த காலத்தில் அண்ணாந்தால் அது விமானம் எந்தப் பக்கமென்று பார்க்கத்தான். பார்த்த உடன் பங்கர் குழிக்குள் ஓடிவிடுவோம். புத்தளத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அன்று, ஓட வேண்டிய அவசரம் எதுவும் இல்லாமல், கழுத்து நோகும் வரை பார்த்தேன். முதலில் வெள்ளைதான் தெரிந்தது. சிவப்பைப் பார்த்துவிட்டு உடனே அதைப் பார்த்தபோதுதான் நீலம் பிடிபட்டது. அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு நானூறு வருடத்துக்கு மேலாகிறது என்று கட்டுரையில் இருந்தது. போர்த்துக்கேயர் இந்தக் கரைகளில் கப்பல்களை நங்கூரமிட்டு நின்ற காலம். அதற்குப் பிறகு இங்கே நடந்த ஒன்றும் அதற்குத் தெரியாது என்று நினைத்தபோது, ஏனோ நெஞ்சு கொஞ்சம் இலேசானது.

"தெரியுதா?" என்றார் அவர்.

"ஓம் ஐயா. அது என்ரை நட்சத்திரம்" என்றேன்.

அவர் கத்தோலிக்கர், சாதகம் பார்க்கிறவர் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டுக் குழந்தைபோல மகிழ்ந்தார். "அப்ப மிஸ்ஸியும் வருசத்துக்கு வருசம் கூடிக் குறையிற ஆளா?" என்றார். மூவரும் சிரித்தோம்.

அந்த அம்மா கொண்டுவந்த பாண் ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "எனக்கு எல்லா வெள்ளியும் ஒண்டுதான்" என்று சொன்னபடி அவர் எனக்கு இன்னொரு துண்டு பாண் வைத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, பகிடி இல்லாத குரலில் சொன்னார்: "கடல் அடங்கிப் படுக்கிற காலம் வருது. ஒத்தைக் கண்ணோட உன்னை நான் அனுப்ப மாட்டன்."

அவர் பாண் துண்டிலிருந்த மணலை ஊதித் தட்டினார்.

"திங்கக்கிழமை வாறன், மிஸ்ஸி. மற்றதுக்கும் பெயரைப் போடுங்க."

சொன்னபடி வந்தார். ஒக்டோபரில் இடது கண்ணும் முடிந்தது. நவம்பரில் மேற்குக் கடல் அடங்கியதும் முதல் தொழிலுக்குப் போய்வந்து, ஒரு பை நிறையக் கீரி மீனோடு கிளினிக் வாசலில் நின்றார். கடலில் எப்படி இருந்தது என்று கேட்டேன். "கரை விளக்கு, படகு விளக்கு, எல்லாம் தனித்தனியாத் தெரியுது" என்றார். வீட்டில் அந்த அம்மா இப்போது பனங்கட்டி அலுமாரியைப் பூட்டுவதில்லையாம்.