டோஹாவிலிருந்து வந்த பதினெட்டு

றிப்திக்கு வயது நாற்பத்து நான்கு. கற்பிட்டியில் இருபத்தொரு வருடமாக வயரிங் வேலை. 2023 பெப்ரவரி எட்டாம் திகதி, புதன்கிழமை, காலை பத்தேகாலுக்கு, பெண்கள் மத்ரஸா விடுதியின் மேல்மாடியில் டோஹாவிலிருந்து வந்த பார்சலைத் திறந்து பார்த்தபோதுதான் அவருக்குத் தன் தவறு விளங்கியது.

விடுதியில் அறுபத்திரண்டு பிள்ளைகள். ஒருத்தி அவருடைய மகள் மர்ஷூதா. கூரையிலிருந்த பதினெட்டுப் புகையுணரிகளில் பதினொன்று உப்புக்காற்றில் செத்துப்போயிருந்தன. டோஹாவில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவர், புதியவை தருவதாகப் போனில் சொன்னார்.

"பதினெட்டு. நல்லதாப் பார்த்து அனுப்புங்க" என்றார் றிப்தி. எண்ணிக்கையைச் சொன்னவர், என்ன வகை என்று சொல்லவில்லை.

வந்தவை கடையில் இருந்ததிலேயே விலை கூடியவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்தைக் கூப்பிட்டு விசாரிக்கும் புதுவகைப் பெட்டிக்குத்தான் அவை பதில் சொல்லும். விடுதிச் சுவரில் இருந்ததோ பழைய சாதாரண அலாரப் பெட்டி. கம்பியில் ஓடும் மின்சாரம் கூடினால் மணியடிக்கும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இருந்தும் மனம் கேட்காமல் பதினெட்டையும் மாட்டினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. துணியைக் கொளுத்திப் புகை காட்டினார். மூன்று நிமிடம். சத்தமே இல்லை.

நிர்வாகி சாஹுல் ஹமீது ஹாஜியாரிடம் போனார்.

"ஹாஜியார், இது இந்தப் பெட்டிக்குச் சேராது. பழையதில ஏழு நல்லா இருக்கு. அதையாவது திருப்பி மாட்டுவோம்."

"ஸதக்காவா, தர்மமாத் தந்த சாமானை இறக்கச் சொல்றீங்களா? பெயர்ப்பலகையும் அடிச்சாச்சு. பச்சை எரியுதுதானே?"

"பச்சை எண்டா கம்பி அறுபடல்ல எண்டு மட்டுந்தான்."

"சாமான் புதுசு, நீங்க பழசு. அதான் விளங்குதில்ல."

மறுநாள் வியாழன். மஃரிப் தொழுகைக்கு முன் விடுதி முழுக்கச் சாம்பிராணி காட்டுவது மேற்பார்வையாளர் அலீமாவின் வழக்கம். பழைய உணரிகள் அதற்கே கத்தி ஊரைக் கூட்டும். அவற்றுக்குப் பொலித்தீன் பை கட்டிவிட்டுத்தான் சட்டியைத் தூக்குவார். அன்று புதியவற்றுக்குப் பை கட்டவில்லை. ஒன்றும் கத்தவில்லை.

"பார்த்தீங்களா றிப்தி நானா! இதுக்குச் சாம்பிராணி எது, நெருப்பு எதுண்டு தெரியுது!" என்றார் அலீமா.

ஹாஜியார் அதை வீடியோ எடுத்து டோஹாவுக்கு அனுப்பினார். அன்றே றிப்தியும் டோஹாவுக்குப் பேசி உள்ளதைச் சொன்னார். "மௌத்தான எங்கட வாப்பாட பேரில குடுத்தது" என்று, இறந்த தகப்பனை நினைத்துச் சொன்ன அந்த மனிதர், "ஹாஜியார் வேற மாதிரியில்ல சொல்றார்" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடிந்து மகளைப் பார்க்கப் போனார். படிக்கட்டருகே கண்ணாடி உடைத்து அழுத்தும் சிவப்புப் பெட்டி இருந்தது. அது வெறும் சுவிட்ச். பழைய பெட்டியோடு ஒத்துப்போகும். விடுதியில் மணியடிக்கவைக்க இனி அது ஒன்றுதான் என்று மகளுக்கு விளங்கப்படுத்தினார்.

"அதுக்குக் கிட்டக் கட்டிலை மாத்திக்கங்க, மகள்."

"அது முஃபீதாட கட்டில் வாப்பா. அவக்கு மூச்சு இழுப்பு, ஜன்னல் வேணும்."

"அப்ப வீட்டுக்கு வாங்க."

"நான் வந்தா? மத்த அறுபத்தொரு பேரும்?"

பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிச் சொல்ல றிப்தி அலீமாவிடம் அனுமதி கேட்டார். "புள்ளைகளைப் பயங்காட்டாதீங்க" என்று அலீமா கதவைச் சாத்தினார்.

ஞாயிறு காலை ஏழரைக்கு மர்ஷூதா அழைத்தாள். அவள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாளாம். இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருத்தியாக, சிவப்புப் பெட்டியடியில் விழித்திருக்க முறை போட்டிருக்கிறார்களாம்.

"இண்டைக்கு ராவைக்கு என்ட முறை வாப்பா. ரெண்டிலிருந்து நாலு."

தூங்கு மகள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, விழித்திரு என்று சொல்லவும் வாய் வரவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.