காலி டப்பாவுக்கு ஒரு நட்சத்திரம்

எங்கள் மழலையர் பள்ளியில் பத்து மணி அடித்தால் டப்பாக்காவின் ராஜ்ஜியம்தான். ஆயா வேலைக்கு வந்தவர். நாற்பது பிள்ளைகளின் டப்பாவையும் திறந்து பார்த்து, எந்த மூலையில் சிப்ஸ் பதுங்கியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான். திராட்சையை நீளவாக்கில் நறுக்காமல் யாருக்கும் கொடுக்க விடமாட்டார். தொண்டையில் சிக்கிவிடும் என்று பயம். அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம். டீச்சரான எனக்கு அவரிடம் பயம்.

பிள்ளைகளைப் பழத்துக்கும் காய்க்கும் பழக்குகிற திட்டம் வந்தபோது, டப்பாவைக் காலி செய்தால் சுவர் அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். தலையாட்டியது நான். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கேரட்டைக் கடித்தார்கள். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் மாதம் எடை பார்த்தோம். ஒரு நாள்கூட நட்சத்திரத்தைத் தவறவிடாத நாலு வயதுச் சிறுமி ஒரு கிலோ குறைந்திருந்தாள். டப்பாக்கா நம்பவில்லை. எடை மெஷின்தான் பழுது என்று என்னை ஏற்றிப் பார்த்தார். அது என் எடையை ஈவிரக்கமில்லாமல் சரியாகவே காட்டியது. வயிற்றில் பூச்சியோ, ரத்தத்தில் ஏதாவதோ என்று அன்று முழுக்கப் புலம்பினார். மாலையில் சிறுமியின் அம்மாவை வாசலில் நிறுத்தி, வீட்டில் பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடுகிறீர்களா என்று கேட்டேவிட்டார். அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. இங்கே நன்றாகச் சாப்பிடுகிறாளே என்று காலையில் கட்டாயப்படுத்தி ஊட்டுவதை விட்டுவிட்டதாக முணுமுணுத்தார். அது எங்கள் காதில் ஏறவில்லை. டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தாள் சிறுமி. ரத்தம் எடுத்திருந்தார்கள். அன்று பத்து மணிக்கு டப்பாக்கா அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆப்பிள் துண்டுகள் ஒவ்வொன்றாக மேசைக்கடியில் பக்கத்து நாற்காலிக்காரியின் கைக்குப் போயின. அந்தப் பக்கத்துக்காரிக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு.

டப்பாக்கா சிறுமியின் அருகில் குந்தி, ஏன் கண்ணு நீ சாப்பிடவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

"டப்பா காலியானாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் சிறுமி.

சொன்னோம்தான். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. இத்தனை படித்து என்ன புண்ணியம்?

மாலை வரை டப்பாக்கா ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள்தான் வருமாம். அந்த அம்மா வாசலுக்கு வந்ததும் நானே பேசுகிறேன் என்றேன். டப்பாக்கா கேட்காமல் முன்னால் போனார்.

"தப்பு எங்க மேலதாம்மா. அவ இங்க எதையும் சாப்பிடல, பக்கத்துல குடுத்துட்டா. நான் டப்பாவ மட்டுந்தான் பாத்தேன். உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

திட்டட்டும் என்று தலையைக் குனிந்து நின்றோம். திட்ட வேண்டியதுதான். அந்த அம்மா டப்பாக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எம்பொண்ணுக்கு நோயில்லையாக்கா? வெறும் பசிதானா?"