மெயிலில் இடம் பிடித்த கதை

கிறிஸ்துமஸுக்காக எங்கள் மன்னார்குடி சர்ச் பாடகர் குழுவுக்குச் சென்னையிலிருந்து அக்கா ஒரு புதுப் பாட்டு எழுதி, தானே பாடிப் பதிவு செய்து எனக்கு மெயிலில் அனுப்பினாள். இரண்டு தடவை அனுப்பியும் திரும்பிப் போய்விட்டது.

"உன் மெயில்ல இடமே இல்லையாம்டி," என்று போனில் சொன்னாள்.

திறந்து பார்த்தால் புடவைத் தள்ளுபடி, வீட்டுமனை, கடன் வேணுமா என்று ஆயிரக்கணக்கில் குப்பை. வெறுமனே அழித்தால் மறுநாளே மறுபடி வந்து நிற்கும். அதனால் சமைத்து முடித்த கையோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கடையின் மெயிலிலும் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருந்த, இனிமேல் அனுப்பாதே என்று சொல்லும் 'அன்சப்ஸ்கிரைப்'பை அமுக்கிவிட்டு, அந்தக் கடை அதுவரை அனுப்பிய மொத்தத்தையும் அழித்தேன்.

வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "முக்கியமானது எதையும் அழிச்சிடாதே," என்றார்.

"முக்கியமானது உள்ள வர இடமில்லாம வெளியில நிக்குதுங்க!"

அவர் வயலிலிருந்து திரும்பும்போது நான் அழித்தவை கிடந்த குப்பைத்தொட்டியையும் காலி செய்திருந்தேன். அக்காவைக் கூப்பிட்டு, "இப்ப அனுப்புக்கா," என்றேன். இந்தத் தடவை வந்துவிட்டது. அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்க, நானும் சத்தமாகச் சேர்ந்து பாடினேன்.

மறுநாள் காலையில் மெயிலைத் திறந்தேன். புதிதாக ஒன்றுகூட இல்லை. புது மெயில் வராததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் மன்னார்குடியில் நானாகத்தான் இருப்பேன்.